இட்லியைத் திரும்ப மாவாக்கு மச்சி!

ஹாஸ்டல் மெஸ்ஸில் காலையில் மிஞ்சின இட்லி, சாயங்காலம் என்னவாக வரும்? கரெக்ட். இட்லி உப்புமா! கடுகு, கறிவேப்பிலை, நாலு துண்டு வெங்காயம் போட்டு, போர்டில் 'ஸ்பெஷல்' என்று எழுதியும் வைத்திருப்பார்கள். நாமும் திட்டிக்கொண்டே தட்டை நீட்டுவோம். ஆனா ஒருநாளாவது மாஸ்டர்கிட்ட போய், "அண்ணே, இந்த இட்லியைத் திரும்ப மாவாக்கி, அதுல தோசை ஊத்திக் குடுங்கண்ணே"னு யாராவது கேட்டிருக்கோமா? கேட்டால் கரண்டி பறந்து வரும். வெந்த இட்லி வெந்ததுதான். அதை உதிர்க்கலாம், பொரிக்கலாம், மிளகாய்ப் பொடியில் புரட்டலாம். மாவாக்க முடியாது.

இப்படி ஒரு கேள்வியைத்தான் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் பிரான்ஸிலும் சில கெமிஸ்ட்ரி லேப்களில் படு சீரியஸாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தட்டில் இருப்பது இட்லி இல்லை. காற்றாலை இறக்கை, விமானத்தின் உடம்பு, பஸ்ஸின் பானெட், மீன்பிடிப் படகு. எல்லாமே 'வெந்த' பிளாஸ்டிக்கில் செய்தவை. அதைத் திரும்ப மாவாக்க முடியுமா? முடியும். அப்ப ஏன் இன்னும் ஆக்கலை? அங்கேதான் மேட்டர் இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க.

பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி. முதல் வகை நெய் மாதிரி. சூடு பண்ணினால் உருகும், ஆறினால் உறையும், எத்தனை தடவை வேண்டுமானாலும். உங்க குளியல் பக்கெட், தண்ணி பாட்டில், பால் பாயின்ட் பேனா எல்லாம் இந்த ரகம். பேர், தெர்மோபிளாஸ்டிக். ரெண்டாவது வகை நம்ம இட்லி. ஒருமுறை வெந்து கெட்டியானால் அவ்வளவுதான். மறுபடி சூடு பண்ணினால் உருகாது, கருகும். இது தெர்மோசெட். 1907-ல் லியோ பேக்லேண்ட் என்கிற பெல்ஜியத்துக்காரர் அமெரிக்காவில் செய்த பேக்கலைட்தான் இந்தக் குடும்பத்தின் பெரியப்பா. பாட்டி வீட்டில் கறுப்பாக, உருண்டையாக, 'டொக்'கென்று விழும் பழைய ஸ்விட்ச் பார்த்திருக்கீங்களா? அது பேக்கலைட். குக்கர் கைப்பிடியும் அந்த வம்சம்தான். அடுப்பில் இருக்கும்போது கைப்பிடி நெய் மாதிரி உருகினால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, தெர்மோசெட் மேல மரியாதை வரும்.

ரெண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? தெர்மோபிளாஸ்டிக் உள்ளே, மூலக்கூறுகள் நூடுல்ஸ் மாதிரி நீள நீளமான இழைகளாகக் கிடக்கும். ஒன்றோடொன்று சிக்கியிருக்கும், ஆனால் முடிச்சு இருக்காது. சூடு பட்டால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். தெர்மோசெட்டில் அந்த இழைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் முடிச்சு விழுந்துவிடும். மீன் வலை மாதிரி. ஒரு படகு முழுக்க ஒரே வலை, ஒரே ராட்சச மூலக்கூறு என்றுகூடச் சொல்லலாம். உருக வைக்க வேண்டுமென்றால் முடிச்சுகள் அறுந்தாக வேண்டும். அதற்குத் தேவையான சூட்டில் இழைகளும் சேர்ந்தே பொசுங்கிவிடும். இந்த வலைப் படத்தை மனசுல ஓரமா வெச்சுக்கங்க. கடைசி வரைக்கும் வேலைக்கு வரும்.

இந்தப் பிசினுக்குள் கண்ணாடி நாரையோ கார்பன் நாரையோ வைத்து இறுக வைத்தால் கிடைப்பதுதான் ஃபைபர் காம்போசிட். நம்ம ஊர் பாஷையில் சிம்பிளா 'ஃபைபர்'. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைகளில் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்குள் கண்ணாடி நார் மேட்டை விரித்து, ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்து, பிரஷ்ஷால் தோய்த்துத் தோய்த்து ஒட்டுவார்கள். அந்த வாசனை ஒருதரம் மூக்கில் ஏறினால் மறக்காது. இன்னொரு கோடியில், 2011-ல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்த போயிங் 787-ன் எடையில் பாதி காம்போசிட். ஏர்பஸ் ஏ350-ல் 53 சதவிகிதம். இரும்பு மாதிரி துருப்பிடிக்காது, கனம் கிடையாது, வலுவோ சொல்லவே வேண்டாம்.

பிரச்னை, இதெல்லாம் செத்த பிறகு.

2020-ல் உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு போட்டோ உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்கிற ஊரின் குப்பைக் கிடங்கு. காற்றாலை இறக்கைகளைத் துண்டு துண்டாக வெட்டி, வரிசையாகப் பள்ளத்தில் அடுக்கி, மேலே புல்டோசரால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். சுத்தமான மின்சாரம் தரும் காற்றாலைக்கு மண்ணுக்குள் சமாதி! அது மக்காது. நம்ம கொள்ளுப் பேரன் தோண்டினாலும் அப்படியே பளபளன்னு வரும்.

நாம் அமெரிக்காவைப் பார்த்து உச்சுக் கொட்ட வேண்டாம். நாகர்கோவில் போகும்போது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு பார்ப்போமே, அந்தக் காற்றாலைக் காட்டில் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டி மெஷின்கள் நிறைய. ஒரு காற்றாலையின் ஆயுள் 20, 25 வருஷம் என்றுதான் டிசைன் பண்ணுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. குட்டிகளைக் கழற்றிவிட்டுப் பெரிசுகளை நடுவதுதான் அடுத்த வேலை. இரும்புக் கோபுரத்துக்கும், உள்ளே இருக்கும் செம்புக்கும் காயலான் கடையில் அடிதடி நடக்கும். இறக்கையை மட்டும் சும்மா கொடுத்தாலும் கேட்க ஆள் கிடையாது. கடலோரத்தில் உடைந்த ஃபைபர் படகுக்கும் அதே கதி. எரித்தால் கரும்புகை, புதைத்தால் இடம் வேஸ்ட்.

இப்போதைக்கு என்னதான் செய்கிறார்கள்? ஒன்று, அரைத்துத் தூளாக்கி வேறு எதிலாவது கலப்பார்கள். அது சாட்சாத் இட்லி உப்புமா. இரண்டு, சிமென்ட் சூளையில் போடுவார்கள். பிசின் எரிபொருளாகும், கண்ணாடி நாரில் இருக்கும் சிலிக்கா சிமென்ட்டோடு சேர்ந்துவிடும். ஜெர்மனியில் இது ரொம்ப நாளாக நடக்கிறது. புதைப்பதற்கு எவ்வளவோ தேவலை, ஆனால் நாரும் போச்சு, பிசினும் போச்சு. மூன்று, காற்றில்லாமல் 400, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிசினை மட்டும் ஆவியாக்குவது. கார்பன் நார் இதைத் தாங்கும். கண்ணாடி நார் பாவம், அந்தச் சூட்டில் வலுவில் பாதியை இழந்துவிடும். புது கண்ணாடி நாரே சல்லிசாகக் கிடைக்கும்போது, வலுவிழந்த பழசை எவன் வாங்குவான்?

ஆக, வெந்த பிறகு இட்லியோடு மல்லுக்கட்டுவதைவிட, மாவு கரைக்கும்போதே ஏதாவது செய்து வைத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை சூடு பிடிக்கிறது.

முதல் சீன், கலிஃபோர்னியாவில் ஐ.பி.எம். கம்பெனியின் அல்மடென் ஆராய்ச்சிக் கூடம். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு பிளாஸ்டிக்கில் என்ன வேலைனு கேக்காதீங்க, சிப் செய்ய விதவிதமான பாலிமர் வேண்டும். அங்கே ஜெனட் கார்சியா என்கிற ஆராய்ச்சியாளர் ஒருநாள் ஒரு ரியாக்‌ஷன் வைத்தார். போட வேண்டிய பொருட்களில் ஒன்றைப் போட விட்டுப்போச்சு. (நாம் பிராக்டிகலில் செய்தால் ஜீரோ. அவருக்கு அடிச்சது ஜாக்பாட்.) திரும்பி வந்து பார்த்தால் குடுவைக்குள் வெள்ளையாக ஒரு கட்டி, கல்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிலும் கரையவில்லை. கடைசியில் சுத்தியல் எடுத்து, குடுவையை உடைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அசல் தெர்மோசெட்! ஆனால் நல்ல ஸ்ட்ராங் ஆசிட்டில் போட்டால், ஆரம்பத்தில் எந்தப் பொருளில் செய்தாரோ அதே பொருளாகக் கலைந்துவிட்டது. 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வந்து பரபரப்பானது.

அதுக்கு மூணு வருஷம் முன்பே, 2011-ல், பாரிஸில் லூட்விக் லைப்லர் குழு வேறொரு ரூட் பிடித்திருந்தது. முடிச்சுகளை அறுக்கவே வேண்டாம், சூடு பண்ணும்போது அவை இடம் மாறிக்கொண்டால் போதும் என்று ஒரு பிளாஸ்டிக் செய்தார்கள். மியூசிக்கல் சேர் மாதிரி, ஒரு முடிச்சு அவிழும்போதே பக்கத்தில் இன்னொன்று விழும். மொத்த முடிச்சு எண்ணிக்கை மாறாது, ஆனால் பொருளை வளைக்கலாம், வேறு உருவத்துக்கு மாற்றலாம். விட்ரிமர் என்று பேர் வைத்தார்கள். தனிக் கட்டுரைக்கான சமாசாரம், இங்கே தொட்டுவிட்டுப் போவோம்.

ஓகே, கரையுது. அப்புறமென்ன, உலகம் முழுக்க இதையே போட வேண்டியதுதானே? இருங்க பாஸ். ரெண்டு முட்டுக்கட்டை.

ஒன்று, நேரம் காலம். கரைய வேண்டிய நேரத்தில் மட்டும்தான் கரைய வேண்டும். மழையில், வெயிலில், உப்புக் காற்றில் 25 வருஷம் நிற்க வேண்டிய இறக்கை, பாதியில் இளகினால் தலையில் விழும். அலையில் கரையும் படகை வாங்கி என்ன செய்வது? அதனால் இயற்கையில் சாதாரணமாக எதிர்ப்படாத ஒரு 'சாவி'க்கு மட்டும் திறக்கும் பூட்டாக இருக்க வேண்டும்.

ரெண்டாவது, துட்டு. இதுதான் பெரிய வில்லன். எபாக்சி, பாலியெஸ்டர் மாதிரி பிசின்களை உலகம் முழுக்க டன் டன்னாக, பல பத்து வருஷமாகச் செய்து செய்து, விலையை அடி மட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். லேபில் ஒரு பி.எச்டி. மாணவர் ராத்திரி பகலாக ஏழு ஸ்டெப் போட்டுச் செய்த அஞ்சு கிராம் அற்புதத்தைக் கொண்டுபோய் ஃபேக்டரிக்காரரிடம் கொடுத்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி: "கிலோ என்ன விலை?" ரெண்டாவது கேள்வி: "இதுக்கு நான் மெஷினை மாத்தணுமா?" இந்த ரெண்டிலும் தோற்றுப்போன கண்டுபிடிப்புகள் ஜர்னல்களில் குவிந்து கிடக்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வேலை வருகிறது. இடம், எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லீங்க, அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ்.) ஆட்கள், பேராசிரியர் ஜெரமியா ஜான்சன், அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பேட்டன் ஷியே. வருஷம், 2020. எடுத்துக்கொண்ட பிளாஸ்டிக், பாலி டைசைக்ளோபென்டடையீன். பேரைப் படிக்கும்போதே நாக்கு முடிச்சு விழுதா? சுருக்கமாக பி.டி.சி.பி.டி. லாரி, பஸ் ஆகியவற்றின் வெளிப்புறப் பேனல்களில் பயன்படும் முரட்டு தெர்மோசெட். இதன் மூலப்பொருள் பெட்ரோலியத்தை உடைக்கும்போது உப விளைபொருளாகவே கிடைக்கிறது. அதனால் விலை கம்மி. தண்ணி மாதிரி இருக்கும் திரவத்தில் கொஞ்சம் கேட்டலிஸ்ட் விட்டால் வளையங்கள் எல்லாம் பட் பட்டென்று திறந்து, கையோடு கை கோத்து இழையாகிவிடும். அந்த வகைக் கேட்டலிஸ்ட்டுக்காகத்தான் ஷோவான், கிரப்ஸ், ஷ்ராக் மூவருக்கும் 2005-ல் நோபல் பரிசு.

இனி மீன் வலைக்கு வாங்க. வலையைக் கலைக்க வேண்டும். எங்கே கை வைப்பீங்க?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது முடிச்சுதான். முடிச்சை அவிழ்க்கிற மாதிரி செய்துவிட்டால் வலை இழை இழையாகப் பிரிந்துவிடும் இல்லையா? லாஜிக் சரிதான். ஆனால் பி.டி.சி.பி.டி.யில் ஒரு சிக்கல். இதில் முடிச்சுகள் வெளியிலிருந்து போடுவதல்ல, அந்த மூலக்கூறே தனக்குத்தானே போட்டுக்கொள்வது. நீங்கள் புதிதாக 'அவிழும் முடிச்சு' கொஞ்சம் சேர்த்தாலும், அவிழாத பழைய முடிச்சுகள் குத்துக்கல்லாக அப்படியே இருக்கும். வலை கலையாது.

எம்.ஐ.டி. ஆட்கள் முடிச்சை விட்டுவிட்டு, இழையில் கை வைத்தார்கள். அதாவது, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே ஓடும் கயிற்றிலேயே அங்கங்கே ஒரு பலவீனமான கண்ணியைச் செருகினார்கள். சாவி போட்டதும் அந்த இடங்கள் அறும். முடிச்சுகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், கவலை இல்லை. கயிறு சின்னச் சின்னத் துண்டாகிவிட்டால், ஒவ்வொரு துண்டிலும் ஒன்றோ ரெண்டோ முடிச்சு தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வலைன்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சாது. கத்தரியை எடுத்து ஒரு பழைய வாலிபால் நெட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். (பி.டி. சார் பார்க்காத நேரமாப் பாத்துக்கங்க.)

இதில் அசரவைக்கும் விஷயம் அளவுதான். அந்தப் பலவீனக் கண்ணிக்காகச் சேர்த்த பொருள், மொத்தத்தில் 7.5 முதல் 10 சதவிகிதம். அவ்வளவே போதும். பிளாஸ்டிக்கின் வலு குறையவில்லை. ஆனால் சாவியைக் காட்டினால் கரையக்கூடிய தூளாக உதிர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே போட்டால் முழுசாகக் கரையாது. அதாவது, துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க முடியாத அளவுக்கு வெட்டு விழ வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், மேலே வெட்டத் தேவையில்லை. அதே அளவுப் பொருளை முடிச்சுப் பக்கம் போட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம், கரையவில்லை.

சாவி என்னங்கறீங்களா? ஃப்ளூரைடு. அந்தப் பலவீனக் கண்ணியில் இருப்பது சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு. சிலில் ஈதர் என்பார்கள். சிலிக்கானுக்கு ஃப்ளூரினைக் கண்டால் போதும், ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். கேம்பஸ் காதல் மாதிரியேதான். மழைத்தண்ணியில் ஃப்ளூரைடு அந்த அளவுக்கு எங்கே வரப்போகிறது? தண்ணியே வந்து அரித்துவிடக் கூடாது என்பதற்கும் வழி இருக்கிறது. சிலிக்கானைச் சுற்றிப் பருமனான குரூப்களை நிறுத்திவிட்டால், அவை பாடிகார்டு மாதிரி மறித்துக்கொள்ளும். (டூத் பேஸ்ட்டில்கூடத்தான் ஃப்ளூரைடு இருக்கு, தடவிப் பாக்கலாமான்னு ஒருத்தர் யோசிக்கிறது தெரியுது. வேணாம். லேபில் பயன்படுத்துவது வேற லெவல் கெமிக்கல்.)

உதிர்ந்த தூளைத் தூக்கிப் போடவில்லை. அதைப் புது மூலப்பொருளில் கரைத்து, மறுபடி பி.டி.சி.பி.டி. வார்த்தார்கள். புதுசுக்கும் இதற்கும் பெரிசாக வித்தியாசமே தெரியவில்லை. பழைய இட்லியைக் கரைத்து, புது மாவோடு கலந்து, புது இட்லி! மெஸ் மாஸ்டர் கேட்டால் மயங்கி விழுவார்.

இப்ப துட்டுக் கணக்குக்கு வருவோம். சும்மா ஒரு உதாரணம், நிஜ விலை இல்லை. சாதாரணப் பிசின் கிலோ 100 ரூபாய், புதுப் பொருள் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் புதுப் பொருளிலேயே செய்தால் கிலோ 1,000. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதுவே 8 சதவிகிதம் மட்டும் சேர்த்தால்? 92 ரூபாய்ப் பழசு, 80 ரூபாய்ப் புதுசு, ஆக 172. இன்னும் வலிக்கத்தான் செய்யும், ஆனால் உட்கார்ந்து பேசலாம். அந்தப் பொருளின் விலையை 300-க்குக் கொண்டுவந்துவிட்டால்? வெறும் 116. அப்போது ஃபேக்டரிக்காரர் காபி சொல்லுவார். ரெண்டாவது கேள்விக்கும் நல்ல பதில் இருக்கிறது: மெஷினை மாற்ற வேண்டியதில்லை, ஏற்கெனவே ஊற்றும் திரவத்தில் இன்னொன்றைக் கலந்து ஊற்றினால் போதும். எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு இதுதான் காரணம். புது பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பாமல், இருப்பதிலேயே எவ்வளவு கம்மியாக மாற்றினால் போதும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த '1,000 ரூபாயை 300 ஆக்கும்' வேலைதான் இதில் சப்தமில்லாமல் நடக்கும் ரேஸ். சிலில் ஈதரைச் செய்வதற்குப் பதில், கடையில் ஏற்கெனவே கிடைக்கும் ஏதாவது ஒன்று அந்த வேலையைச் செய்யுமா? இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆட்கள் டைஹைட்ரோஃபியூரான் என்கிற எளிமையான, விலைக்குக் கிடைக்கும் பொருளை இதே பி.டி.சி.பி.டி.யோடு கலந்து 2022-ல் பேப்பர் போட்டார்கள். இதற்குச் சாவி, ஆசிட். அதே ஊர்க்காரர்கள் 2018-லேயே இன்னொரு செலவிலும் கை வைத்திருந்தார்கள். விமானப் பாகங்களை ராட்சச அடுப்பில் மணிக்கணக்காக வேக வைக்க வேண்டும். போயிங் 787 உடம்பின் ஒரு பெரிய பகுதியை வேக வைக்க 8 மணி நேரமும், 350 கிகாஜூலுக்கு மேல் எனர்ஜியும் ஆகும் என்பது அவர்கள் சொன்ன மதிப்பீடு. இந்தப் பிசினுக்கு அடுப்பே வேண்டாம். ஒரு ஓரத்தில் லேசாகச் சூடு காட்டினால் போதும், ரியாக்‌ஷனில் வரும் சூடே அடுத்த இடத்தைப் பற்றவைத்து, சரவெடித் திரி மாதிரி மறுகோடி வரைக்கும் ஓடிவிடும். அடுப்புச் செலவு மிச்சமானால், பிசினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் அல்லவா? ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கேட்டலிஸ்ட்டில் இருப்பது ருதீனியம். பிளாட்டினத்தின் சொந்தக்கார உலோகம், விலையும் அந்தக் குடும்பத்துக்கே உரியது. துளியூண்டுதான் போடுவார்கள், ஆனால் டன் கணக்கில் செய்யும்போது துளியும் பெருவெள்ளம்.

இதெல்லாம் லேபோடு நின்றுவிடும் கதையோ என்று சந்தேகப்படாதீர்கள். எபாக்சி பக்கம் ஒன்று கடலுக்கே போய்விட்டது. எபாக்சியை இறுக வைக்கும் ஹார்ட்னரில் ஆசிட்டுக்கு மட்டும் பிரியும் ஒரு பிணைப்பை வைத்து, கலிஃபோர்னியாவின் கொனோரா என்கிற சின்ன கம்பெனி 'ரீசைக்ளமைன்' என்று ஒன்றைச் செய்திருந்தது. 2019-ல் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது யார் தெரியுமா? நம்ம ஊர் ஆதித்யா பிர்லா குரூப். அந்தப் பிசினில் சீமென்ஸ் கமேசா 2021-ல் டென்மார்க்கின் ஆல்போர்க்கில் 81 மீட்டர் நீள இறக்கைகளை வார்த்தது. ஒரே வரிசையில் ஆறேழு டவுன் பஸ்ஸை நிறுத்தினால் வரும் நீளம். சூடான, வீரியம் குறைந்த ஆசிட் கரைசலில் ஊற வைத்தால் பிசின் கழன்று, நார் நாராக வெளியே வரும். 500 டிகிரியில் வறுபடாததால் கண்ணாடி நாரும் தப்பிக்கும். 2022-ல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலைப் பண்ணையில் இவற்றை மாட்டினார்கள்.

அமெரிக்காவில் அரசாங்கத்தின் என்.ஆர்.இ.எல். ஆய்வுக்கூடம் செடிகளிலிருந்து எடுக்கக்கூடிய பொருட்களை வைத்து 'பீகேன்' என்றொரு பிசின் செய்து, 9 மீட்டர் இறக்கை வார்த்து, 2024-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. இதற்குச் சாவி மெத்தனால், 225 டிகிரி சூடு. ஆறு மணி நேரத்தில் கலைந்துவிடும்.

ஆனா ஒண்ணு. இவை எல்லாம் இனிமேல் செய்யப்போகும் பொருளுக்குத்தான். பூட்டு வைக்காமலே செய்துவிட்ட பழசுக்குச் சாவி மட்டும் வந்து என்ன பண்ணும்? முப்பந்தலில் நிற்பதும், கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பதும் அந்தப் பழசுதான். அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ட்ரோல்ஸ் ஸ்க்ரிட்ஸ்ட்ரப் குழு, நிஜமான காற்றாலை இறக்கையின் ஒரு துண்டை எடுத்து, அதன் எபாக்சியைப் பிரித்து, நாரையும் எடுத்து, எபாக்சியின் மூலப்பொருளான பிஸ்ஃபீனால்-ஏவையும் திரும்ப எடுத்துக் காட்டியது. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. கேட்டலிஸ்ட்? மறுபடியும் ருதீனியம். நாள் கணக்கில் கொதிக்கவும் வேண்டும். ருதீனியத்துக்குப் பதில் இரும்பு, நிக்கல் மாதிரி ஏழை உலோகம் ஏதாவது இந்த வேலையைச் செய்யுமா? கெமிஸ்ட்ரி படிக்கிறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க, இது நல்ல பி.எச்டி. டாபிக்.

இன்ஜினீயரிங் பசங்களுக்கும் வேலை இருக்கு. கார்பன் நார், கண்ணாடி நாரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை. அதை மீட்டால் காசு. கண்ணாடி நாரை மீட்டால்? கழற்ற, வெட்ட, லாரியில் ஏற்ற, ஆசிட்டில் ஊறப் போட, கழுவ, காய வைக்க ஆகும் செலவுக்கே கட்டாது. அப்படியே வெளியே வந்தாலும், ஒழுங்காக நெய்த மேட்டாக வருமா, பஞ்சு மிட்டாயாக வருமா என்பது கரைக்கும் விதத்தைப் பொறுத்தது. இந்த லாஜிஸ்டிக்ஸ் தலைவலிக்கு எந்த மூலக்கூறாலும் மருந்து தர முடியாது.

காஸ்காசியில் சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைகளுக்கு 25 வருஷ ஆயுள் என்றால், இறக்கப்போவது 2047 வாக்கில். உங்களுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும், லேசாகத் தொப்பை விழுந்திருக்கும். 81 மீட்டர் நீள இறக்கை ஒன்று கப்பலில் கரைக்கு வரும். அது கரையும் என்று 2021-லேயே சொல்லியாயிற்று. அன்றைக்கு அந்த ஆசிட் தொட்டியைக் கட்டி, திறந்து வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள், எந்த ஊரில், யார் காசில் என்பதற்குத்தான் இன்னும் பேர் எழுதவில்லை.